தோய்ச்சலும் பதமும்: தச்சு உளிகளை மீட்டமைத்தலில் வெப்பப் பதனீடு

முன்னுரை

வடசென்னையின் புளியந்தோப்பும் அதனை அடுத்த பெரம்பூரும் ஆலைத்தொழிலோடு வளர்ந்த பகுதிகளாகும். பெரம்பூர் ரயில்வே பணிமனை 1856இல் தோன்றியது. ரயில் பெட்டிகளின் உடற்பகுதி மரத்தால் அமைந்த காலத்தில் தச்சர் பணி இத்தகைய பணிமனைகளுக்கு இன்றியமையாததாக விளங்கியது. 1955இல் ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலை பெரம்பூரில் தொடங்கப்பட்ட பின்னர் எஃகுப் பெட்டிகள் படிப்படியாக மரப்பெட்டிகளின் இடத்தைப் பெற்றன. மரப்பணி சுருங்கினும் உளியும் இழைப்புளியும் வழக்கொழியவில்லை. பழைய உளியை மீட்பதில் துருவை நீக்குதலினும் எஃகின் பதத்தை மீட்டலே முதன்மையானது. அதற்குரிய கலைச்சொல்லில் உள்ள சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு சொல், இரு வினைகள்

செந்தீயில் காய்ந்த இரும்பு நீரை உண்ணும் காட்சியைப் புறநானூற்றின் 21ஆம் பாடல் உவமையாக ஆள்கிறது. இதனால் நீரில் தோய்க்கும் முறையின் தொன்மை புலனாகிறது. இம்முறையைக் கொல்லர் ‘தோய்ச்சல்’, ‘துவைச்சல்’ என்பர். ஆயின் உலோகவியல் இங்கு இரு வினைகளைக் காண்கிறது. முதலாவது கடினமாக்கல்: கரிம எஃகை ஏறத்தாழ 760 முதல் 800 பாகை செல்சியசு வரை காய்ச்சி விரைந்து குளிர்வித்தல். ஏறத்தாழ 770 பாகையில் எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படாமற் போவது இவ்வெப்பத்தை அறிய உதவும் குறியாகும். இரண்டாவது பதமாக்கல்: கடினமாகியும் நொறுங்குந் தன்மையுற்ற எஃகை 200 முதல் 250 பாகை வரை மீளச் சூடாக்கி உறுதியூட்டல். அப்போது மெருகிட்ட பரப்பில் வைக்கோல் நிறமும் பின்னர்ப் பழுப்பும் தோன்றும். ஏறத்தாழ 300 பாகையில் நீலம் தோன்றின், உளிவாய்க்கு வேண்டிய கடினம் குறைந்துவிட்டது எனலாம்.

பழுதறிதல்

வேலையின்போது உளிவாய் மடங்கினால் எஃகு மென்மையுற்றுள்ளது. இரு வினைகளையும் மீளச் செய்தல் வேண்டும். வாய் தெறித்து உதிர்ந்தால் கடினம் மிகுந்துள்ளது. பதமாக்கல் மட்டுமே போதும். இரண்டையும் ‘தோய்ச்சல் போயிற்று’ என ஒரே தொடரால் குறித்தால், தெறிக்கும் உளியையும் மீண்டும் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் இட நேரும். தேவையற்ற இவ்வினையால் மெல்லிய உளி வளையவோ வெடிக்கவோ கூடும். மின்சாணையில் அழுத்தித் தீட்டியதால் நுனி மட்டும் நீலமுற்றிருந்தால், அப்பகுதியை மெல்லத் தேய்த்து நீக்குவதே போதுமானது, உலை தேவையில்லை. பழைய உளிகள் சிலவற்றில் இரும்பு உடலோடு எஃகு வாய் ஒட்டியடிக்கப்பட்டிருக்கும். எஃகுப் பகுதி தேய்ந்து தீர்ந்தபின் எத்தோய்ச்சலும் பயன் தராது.

முடிவுரை

கைவினைச் சொற்களைத் தொகுப்போர் பொருளை மட்டுமன்றி வினைநிலைகளையும் பிரித்துப் பதிவு செய்தல் வேண்டும். நீரில் இடுவதற்குத் ‘தோய்ச்சல்’ என்றும், மீளச் சூடாக்குவதற்குப் ‘பதமாக்கல்’ என்றும் வரையறுத்தால், மரபுச் சொல் பயிற்றுக் கூடத்திலும் பிழையின்றி வழங்கும்.