உஷார்! ‘பொ’ உடைந்தால் பேனரும் போச்சு

நாளை விடிவதற்குள் பிளெக்ஸ் கட்டியாக வேண்டும் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டோஷாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். படத்தின் மேல் ‘பொன்னுசாமி’ என்று அடித்தாயிற்றா? முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் தள்ளிப்போய் நிற்கிறதா? பின்னால் நின்றால் அப்படியே கையை எடுத்துவிடுங்கள். ‘சென்னை’யில் கொம்பும் ஐகாரமும் இடம் மாறியிருக்கும். ‘முருகன்’ என்பதில் உகரக் கொக்கி எழுத்தோடு ஒட்டாமல் அனாதையாகத் தொங்கும். சில எழுத்துருக்களில் நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் வேறு முளைக்கும். அவசரத்தில் இது கண்ணில் படாது. பத்தடி பேனராக முச்சந்தியில் ஏறிய பிறகு ஊரே பார்க்கும்.

இது எப்படி நேர்கிறது? யூனிகோடு முறையில் நீங்கள் ‘பொ’ என்று அடித்தால் கணினி முதலில் ‘ப’வையும் அதற்குப் பிறகு உயிர்க்குறியையும் சேமிக்கிறது. கொம்பை எடுத்து முன்னால் வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், வந்த வரிசையிலேயே எழுத்துகளை வைத்துவிடும். போட்டோஷாப்புக்கு வேலை தெரியும். ஆனால் பல பதிப்புகளில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் என்ற பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பென்றால் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்றிருக்கும். இதை மாற்றினாலும் ஏற்கெனவே அடித்து வைத்த லேயர் தானாகச் சரியாகாது; பாராகிராஃப் பேனலின் மெனுவில் அந்த லேயருக்கும் மாற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ‘செட்டிங் மாத்தியும் வரலையே’ என்று கைவிடுகிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அது தமிழை ஒழுங்காகவே கோக்கிறது.

டிடிபி கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ‘பாமினியில அடிச்சா எதுல வேணா கரெக்டா வரும் சார்’ என்பார். அவர் சொல்வது உண்மை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பைத் தனியாக முதலில் அடிக்கிறோம். மென்பொருளுக்கு இடம் மாற்றும் வேலை கிடையாது. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் கடைகளிலிருந்து பாமினி போகாததற்கு இது நியாயமான காரணம். இலங்கையிலும் அதுதான் நிலை.

ஆனால் அதன் உள்ளே இருப்பது தமிழே அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. பாமினியில் ‘அம்மா’ என்று நீங்கள் பார்ப்பது, கணினிக்கு எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அவ்வளவுதான். ஃபைலை பாமினி இல்லாத வேறொரு கணினியில் திறந்தால் ‘இந்த எழுத்துரு இல்லை, வேறு போடட்டுமா’ என்று ஒரு பெட்டி வரும். அச்சக ஊழியர் அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டால், அஞ்சலிப் படத்தில் அம்மாவின் முகத்துக்குக் கீழே அந்த ஐந்து குறிகளும் அச்சாகும். எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் ‘ஆல் கேப்ஸ்’ பொத்தானில் கை பட்டாலும் ஆபத்து: ‘அ’ ‘ஆ’வாகும், ‘ம’ ‘மு’வாகும். திருமண அழைப்பிதழ்களில் இதன் மறுபக்கம் நடக்கிறது. மாப்பிள்ளையின் பட்டத்தை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு எழுத்துருவை மாற்ற மறந்தால், எம்.பி.ஏ. புரியாத தமிழ்க் கிறுக்கலாகிவிடும். பெண் வீட்டார் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான்.

எழுத்து சரியாக வந்தாயிற்று, இனி அழகுபடுத்தலாம் என்று போகிறவர்களுக்கு அடுத்த எச்சரிக்கை. நம் ஆட்களுக்கு எழுத்தைச் சுற்றித் தடிமனாக ஸ்ட்ரோக் போடாவிட்டால் தூக்கம் வராது. மஞ்சள் எழுத்து, சிவப்புக் கரை, அதற்கு மேல் வெள்ளைக் கரை, பின்னால் நிழல். ஆங்கில எழுத்து இதையெல்லாம் தாங்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அது எழுத்தின் தலைக்கு மேல் மயிரிழை இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. கரை தடித்ததும் புள்ளி எழுத்தோடு கரைந்துபோகும். ‘அம்மன்’ தூரத்திலிருந்து பார்த்தால் ‘அமமன’. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் வித்தியாசம் காட்டும் சின்னச் சுழியும் அடைந்துவிடும். ‘கலி’ ‘கலீ’யாவது வேடிக்கை, ஆள் பெயரில் அப்படி ஆனால் சண்டை. கரையை உள்பக்கமாகப் போட்டால் மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும், அதுவும் வேண்டாம். படம் கலவையாக இருந்து எழுத்து தெரியவில்லை என்றால், எழுத்துக்குப் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்று போடுங்கள். அலங்காரம் குறைவுதான், ஆனால் படிக்க வரும்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் டிராக்கிங்கை நான் தமிழில் தொடவே வேண்டாம் என்பேன். அது எழுத்துக்கும் அதன் காலுக்கும் நடுவிலும் புகுந்துவிடும். ‘ராமன்’ என்பதில் கால் விலகிப்போனால் ‘ரரமன்’ என்றுதான் வாசிப்பார்கள். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளே பொய்யாகத் தடிக்க வைக்கும் ‘ஃபாக்ஸ் போல்டு’ம் அப்படியே, அதைப் போட்ட எழுத்தைப் போட்டோஷாப் வளைக்கக்கூட மறுக்கும். வரிகளுக்கு நடுவே தானியங்கி இடைவெளியை நம்பாதீர்கள். மேல் வரியின் ‘கூ’, ‘ஞு’ கீழே இறங்கி, கீழ் வரியின் ‘வீ’, ‘ஸ்ரீ’ மேலே ஏறி மோதிக்கொள்ளும்.

செயற்கை நுண்ணறிவிடம் ‘இந்தப் படத்தில் தமிழில் வாழ்த்து எழுதிக் கொடு’ என்று கேட்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பல நேரம் அது எழுதுவதில்லை, எழுத்து மாதிரி வரைகிறது. தூரப் பார்வைக்குத் தமிழ். கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை. பின்னணிப் படத்தை வேண்டுமானால் அதனிடம் வாங்குங்கள், எழுத்தை நீங்களே போடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் ஜேபிஇஜியாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. ஜேபிஇஜி வெளிச்சத்தை நுணுக்கமாக வைத்துக்கொண்டு நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதி அளவில்தான் சேமிக்கும். முகத்துக்கு அது போதும். கோயில் நோட்டீஸின் நீலப் பின்னணியில் சின்னதாக இருக்கும் சிவப்பு எழுத்துக்குப் போதாது; ஓரங்கள் அழுக்காகக் கசியும். வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ வழியாகப் பிஎன்ஜியோ பிடிஎஃப்போ அனுப்புங்கள்.

அச்சுக்குப் போகும் நகலில் மட்டும் டைப் மெனுவில் ‘கன்வெர்ட் டு ஷேப்’ கொடுத்து எழுத்தை வடிவமாக்கிவிடுங்கள். கோரல்டிரா என்றால் ‘கர்வ்ஸ்’ ஆக்க கன்ட்ரோலோடு கியூ. அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது, எழுத்துருவும் தேவைப்படாது. ஆனால் அதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவும் முடியாது. ஆகவே அதைச் செய்வதற்கு முன்பே, பெயர்களை எல்லாம் அறிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேயர்களை ஒன்றாக்காத பிஎஸ்டி ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். முகூர்த்த நேரம் மாறினால் அதில்தான் கை வைக்க முடியும்.