மேலே வெயில், உள்ளே வெள்ளம்

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். இருபுறமும் செம்பாறைச் சுவர், நடுவே ஒருக்களித்து நுழையும் இடுக்கு. யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே ஊரையடுத்த பாலைநிலம். பீக்-அ-பூ என்னும் இடுக்கில் ஏறி, ஸ்பூக்கி என்னும் இடுக்கில் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே நடந்து திரும்புவார்களாம். ஸ்பூக்கியில் சில இடங்கள் ஓரடி அகலம்கூட இல்லை; முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும்.

இந்த இடுக்குகளை அறுத்தது தண்ணீர்தான். பாலையில் மழை அபூர்வம். பெய்தாலோ வெறும் பாறையில் ஊறாமல் வழிந்து, மணலையும் கல்லையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் பாயும். பற்று ஒரு ஏட்டில், வரவு வேறு ஏட்டில் என்று கணக்கர்கள் நாங்கள் எழுதுவதுபோல, மழை ஓரிடம், வெள்ளம் வேறிடம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் இடுக்கில் 11 பேர் மாண்டார்கள். பெருமழை கொட்டியது பல மைல் தள்ளி.

நம் பக்கோக்கு, பகான் பக்கத்து மணல் ஓடைகளும் அப்படித்தான். கோடையில் மாட்டுவண்டி போகும். 2011 அக்டோபரில் பக்கோக்குப் பகுதியில் திடீர் வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

ஆகவே நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்தால் போதாது. மேட்டுப்பக்கம் மழை உண்டா என்று விசாரிக்க வேண்டும். இடுக்குக்குள் மாட்டினால் ஏறிக்கொள்ளக் கரை கிடையாது.

வானிலை கேட்டாயா என்று அவனிடம் விசாரித்தேன்.

“வெயில்தானே அடித்தது, மாமா!” என்றான்.