மெயிலுக்கு ஏது வீக்லி ஆஃப்?

பெட்டி ஒன்று, சாவி ஒன்பது பேரிடம்! கஸ்டமர்களின் புகார் வந்து விழுகிற பொது ஈமெயில் விலாசத்துக்குப் பல கம்பெனிகளில் இதுதான் ஏற்பாடு. எல்லாரும் திறந்து பார்க்கலாம். அதனாலேயே ஒருத்தரும் பதில் போடுவதில்லை.

நம்ம ஊர் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். வேறொரு அறையில் யாருக்கோ வலிப்பு வந்தாற்போல மைக்கில் ஒரு குரல். 'நாம் மட்டும்தான் கேட்கிறோம்' என்று நம்பியவர்களில் 85 சதவிகிதம் பேர், குரல் அடங்குவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். 'இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்' என்று நம்பியவர்களில் 31 சதவிகிதம்தான்! வலிப்புக்கே இந்தக் கதி என்றால், 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு' மெயிலுக்கு?

சரி, வருகிற மெயிலை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறார்கள். அதுவும் பந்தியில் வடை வைக்கிற மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டே போகிறது. இலையில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்காது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், சென்னையில் நைட் ஷிஃப்ட். ஞாயிறும் திங்களும் அவனுக்கு ஆஃப். ஒரு ஞாயிறு ராத்திரி வந்த அவசர மெயில் அவன் பெயரில் விழுந்து, செவ்வாய் ராத்திரி வரை அப்படியே கிடந்தது. கஸ்டமர் குதித்தார். மெமோ பையனுக்கு.

"நான் ஆஃப்ல இருந்தேன் ஸார்..."

"சிஸ்டத்துல உன் பேர்தானேப்பா இருக்கு?"

அந்த வருஷ இன்க்ரிமெண்ட் போச்சு. பெயரைப் போட்ட சிஸ்டத்துக்கு இன்க்ரிமெண்டும் கிடையாது, மெமோவும் கிடையாது.

விஷயம் இவ்வளவுதான். ஷிஃப்ட் சார்ட் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருக்கிறது. மெயில் பிரிக்கிற ரூல் வேறெங்கோ இருக்கிறது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மெயில் போகவேண்டியது ஆளின் பெயருக்கு அல்ல, டூட்டிக்கு. அந்த நேரத்தில் சீட்டில் யாரோ, அவருக்கு. சார்ட்டில் இருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் மெயிலும் கூடவே மாறவேண்டும்.

அமெரிக்க கஸ்டமர் என்றால் இன்னொரு கூத்து. 2007 முதல் அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30. கோடையில் 6.30. நம்ம ஊர் கடிகாரத்தை நம்பி ரூல் எழுதியிருந்தால், மார்ச் முதல் நவம்பர் வரை தினமும் ஒரு மணி நேரத்து மெயில்கள் அநாதை!

பாதியில் நிற்கிற மெயில்களைச் சொல்லவே வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் டூட்டி மாறும்போது டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். நம்மவர்கள் மணி அடித்ததும் கம்பெனி வேனுக்கு ஓடுகிறார்கள். வேனை விட்டால் ஆட்டோவுக்கு யார் கொடுப்பது?

அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் போய் மூன்று மாதம் வரை பழைய ஆபீஸில் அவன் பெயரில் மெயில் விழுந்துகொண்டிருந்ததாம்.