திரும்ப வரும் வரிப்பணமும் பழைய பாக்கியும்

நமக்குத் திரும்ப வரவேண்டிய வரிப்பணத்தை அரசு தன் பழைய பாக்கிக்காகப் பிடித்துக்கொள்ளலாமா? விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் குடியானவர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் தெளிந்துகொள்ள வேண்டிய வினா இது.

வேளாண்மை வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. எனினும், வங்கி வைப்பின் வட்டிக்கு உண்டு. விழுப்புரம்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலைக்கும் திண்டிவனம்–நகரி இருப்புப்பாதைக்கும் நிலம் அளித்தோர் நம்மிடையே உளர். அவர்களுள் ஒருவர் இழப்பீட்டை வங்கியில் இட்டு, ஆண்டுக்கு 60,000 ரூபாய் வட்டி பெறுகின்றார் எனக் கொள்வோம். வங்கி நூற்றுக்குப் பத்து வீதம் 6,000 ரூபாயைப் பிடித்து வரித் துறைக்குச் செலுத்தும். அவருடைய மொத்த வருமானம் வரி விதிக்கத்தக்க அளவிற்குக் குறைவாயின், வருமான அறிக்கை தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம்.

ஆனால், முந்திய ஆண்டுகளுக்குரிய வருமான வரிப் பாக்கி 2,500 ரூபாய் அவர் பெயரில் இருப்பின், அதனைக் கழித்துக்கொண்டு 3,500 ரூபாயே வழங்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245 ஆம் பிரிவு இதனை வகுத்தது; 2026 ஏப்ரல் 1 முதல் செயற்படும் 2025 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வதிகாரம் இடம்பெற்றுள்ளது. எனினும், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடாமல் கழித்தல் ஆகாது. அறிவிப்பு அனுப்புவதோடு அமையாது, வரி செலுத்துவோரின் மறுமொழியையும் ஆராய வேண்டும் என்று 2013 இல் தில்லி உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது.

மின்கட்டணம், வீட்டுவரி, கூட்டுறவுப் பயிர்க்கடன் ஆகிய பாக்கிகளை இப்பிரிவின்கீழ்க் கழிக்க இயலாது. அவற்றைத் தண்டுவதற்கு வேறு வழிகள் உள்ளன. அமெரிக்காவிலோ, மாணவர் கடன், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை முதலியவற்றின் பாக்கியும் வரித் திருப்பத்தில் கழிக்கப்படும். நம் நாட்டு முறை அத்துணை விரிந்ததன்று. ஆயினும், பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்தபின் நிலைமை வேறு. அதே வங்கியில் தவணை தவறிய கடன் இருப்பின், 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தரும் பற்றுரிமையை வங்கி காட்டக்கூடும். ஆதலின் மேலாளரை முன்னரே கண்டு பேசுதல் நலம்.

அறிவிப்பு வந்தால் வாளாவிருத்தல் கூடாது. பாக்கி முன்பே செலுத்தப்பட்டிருக்கலாம். கணக்கில் பிழை நேர்ந்திருக்கலாம். குறித்த கெடுவிற்குள் வருமான வரி இணையதளத்தில் உடன்பாட்டையோ மறுப்பையோ, செலுத்துச் சீட்டின் விவரத்துடன் தெரிவிக்க வேண்டும். மறுமொழி இல்லையெனில் பாக்கியை ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும்.

2009–10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளும், 2010–11 முதல் 2014–15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளும் கைவிடப்படும் என 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. ஒருவருக்கு மொத்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய். பழைய பாக்கி காட்டப்பெறுவோர் இதனையும் சரிபார்த்தல் வேண்டும்.

கைப்பேசியில் வரும் அறிவிப்பைப் படித்தறிய இயலாதோர் ஊர்தோறும் உள்ளனர். அவர்களுக்கு அதனைப் படித்துச் சொல்லி, கெடு தவறாமல் விடையளிக்கச் செய்வது ஊராட்சி உறுப்பினர்கள் ஆற்றத்தக்க நற்பணியாகும். குடியானவரின் 6,000 ரூபாய் ஒரு போகத்து விதைக்கும் உரத்திற்கும் உதவும் பணமன்றோ!