ராகி உருண்டையும் ராட்சத மீனும்

பொங்கல் பானையைப் பரணில் ஏற்றி வைத்த கையோடு, "எங்கேயாவது ஒரு நாள் போய் வரலாமே!" என்று வீட்டில் பேச்சு எழும், அல்லவா? இந்தத் தடவை ஓசூரிலிருந்து புறப்பட்டுப் பாருங்கள். தொழிற்சாலைகளும் லாரிகளும் பின்தங்கிப் போகும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் வந்து சேரும்போது, காலைக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொள்வீர்கள். அப்பால் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. கீழே காவிரி! கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் கீழே போனால் ஒகேனக்கல்.

தண்ணீரைத் தினமும் அளக்கிறோம். அந்தத் தண்ணீரில் வாழ்ந்த மீனை யாராவது அளந்தார்களா? அதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

வட அமெரிக்காவில் ஏரிகள் உறைந்து போனதும், ஐஸில் துளை போட்டு, நடுங்கிக்கொண்டே தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். 'சிஸ்கோ' என்ற வெள்ளி நிற மீனுக்காக அத்தனை தவம்! நம் காவிரி உறைவதில்லை. ஆனாலும் இங்கேயும் தூண்டில்காரர்களுக்குப் பனிக்காலம்தான் பருவம். ஆடி வெள்ளத்தில் ஆறு செந்நிறமாகப் புரளும். மார்கழி கழிந்து தை பிறந்தால் வெள்ளம் வடியும், தண்ணீர் தெளியும், பெரிய மீன்கள் ஆழமான மடுக்களில் ஒதுங்கும்.

அவற்றில் ராஜா, 'மஹ்சீர்' என்னும் பெரிய கெண்டை. அதற்கு என்ன இரை தெரியுமா? புழுவா, பூச்சியா? இல்லை, நம் வீட்டு ராகி மாவு! மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, ரப்பர் போலாகும்வரை வேகவைத்துத் தூண்டிலில் செருகுவார்கள். கிருஷ்ணகிரிச் சீமையில் மனிதருக்குப் பிடித்த களி, மீனுக்கும் பிடித்திருந்தது!

சாதாரண மீனா அது? 1946-ஆம் ஆண்டு மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர், காவிரியின் உபநதியான கபினியில் பிடித்த மஹ்சீர் 120 ராத்தல் எடை இருந்தது. இன்றைய கணக்கில் 54 கிலோ! முதுகில் காளையைப் போலத் திமில். துடுப்புகள் ஆரஞ்சு நிறம். உலகத்தில் வேறு எங்கும் இல்லை, காவிரியும் அதன் கிளை நதிகளும்தான் அதற்குப் பிறந்த வீடு.

பிறகு அணைகள் வந்தன. ஆற்றில் வெடி போட்டு, குஞ்சும் குளுவானுமாக வாரிச் செல்லும் கொடுமையும் வந்தது. திமில் மீன் அழிந்தே போயிற்று என்று பலர் நினைத்திருந்தபோது, 1977-78-ல் ஓர் ஆங்கிலேய இளைஞர் குழு வந்து, பெரிய மஹ்சீர்கள் இன்னும் இருப்பதைக் கண்டது. அதன்பின் ஆற்றின் மேற்புறம், கர்நாடகக் கரையில், பிடித்த மீனை எடை போட்டு மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் வேரூன்றியது. வலை வீசி வந்த சிலருக்கு வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தன.

இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். மீன் குறைகிறதே என்று, 1970-களிலிருந்து லோனாவ்லாவில் வளர்த்த மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார்கள். ஆனால் அவை வேறு வகை. துடுப்புகள் நீலம், முதுகில் திமில் கிடையாது.

கலிபோரே என்ற இடத்தில் இருந்த தூண்டில் முகாமில் ஒரு நோட்டு உண்டு. நீங்கள் பால் கணக்கு எழுதுவது போல, யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார், என்ன மீன், எவ்வளவு எடை என்று நாள் தவறாமல் எழுதி வந்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள் அதில் ஏறின. ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டினார்கள். மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தது. பேஷ்! ஆனால் வகை பிரித்துப் பார்த்தபோது திடுக்கிட்டார்கள். பெருகியதெல்லாம் நீலத் துடுப்பு. திமில் மீன் தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்திருக்க, வீட்டுக்காரர் வெளியேறிவிட்ட கதை!

இதைவிட வேடிக்கை, நூறு ஆண்டுக்கு மேல் புகழ் பெற்ற அந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர்கூட இல்லாமல் இருந்தது. அமராவதியில் கலக்கும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹ்சீருக்கு, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரமாதேவி என்ற பெண் விஞ்ஞானியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். திமில் மீனும் அதே இனம்தான் என்று 2018-ல் தெரிந்தது. அது தெரிந்த அதே ஆண்டிலேயே, 'அழிவின் விளிம்பில்' என்ற சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டி வந்தது! பவானியில் சேரும் மோயாற்றில் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தக் காடுகள் 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று வன உயிரினச் சரணாலயங்கள் ஆயின. சரணாலயத்துக்குள் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பது குற்றம். ஆனால் வாங்குகிறவர் இல்லாவிட்டால் பிடிக்கிறவரும் இருக்கமாட்டார் என்பது அடுப்படிக்காரர்களாகிய உங்களுக்குத் தெரியாததா?

ஒகேனக்கல்லில் எண்ணெயில் பொரியும் மீன் வாசனை மூக்கைத் துளைக்கும். தாராளமாகச் சாப்பிடுங்கள். வாங்குமுன், "இது என்ன மீன் அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி என்றால் சரி. காட்டுப் பக்கத்து மஹ்சீர் என்றால், "வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பிறகு பரிசலில் ஏறி மடுவின் மேலே போகும்போது, மடியில் இருக்கும் குழந்தைக்கு இந்தத் திமில் மீனின் கதையைச் சொல்லுங்கள்.