உண்டிவில் ஏந்தும் பிள்ளைக்கு முதலில் கண்ணைப் பழக்குங்கள்

சம்பா அறுவடை முடிந்த தரிசிலும் கோடை விடுமுறையிலும் கிராமத்துப் பிள்ளைகள் பொழுதெல்லாம் வயல்காட்டில்தான் இருப்பார்கள். கையில் உண்டிவில், டவுசர் பையில் கூழாங்கல், பின்னால் ஒரு நாய். சில வீடுகளில் இப்போது ஏர்கன்னும் வந்துவிட்டது. இரவானால் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகும் இளைஞர்களும் உண்டு. ‘நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்’ என்று பெரியவர்கள் கண்டுகொள்வதில்லை. அந்தக் கல்லுக்கு விழுவது என்ன என்பதை மட்டும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் வயலுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் ஓர் உயிராக இருக்கும்.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

பனங்காடையை எடுத்துக்கொள்வோம். பெயரில் ‘காடை’ இருப்பதால் கறிக்கு ஆகும் என்று பிள்ளைகள் அடித்துவிடுகிறார்கள். காடைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. காடை தரையில் புல்லுக்குள் ஓடும், காலடியில் இருந்து திடீரென்று எழும்பும். பனங்காடை மின்கம்பியிலும் கம்பத்திலும் உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று நீலம் தெரியும். வெட்டுக்கிளியும் வண்டும்தான் அதன் முக்கிய உணவு. கடையில் விற்கும் காடை பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. வயலில் திரியும் காடை, கவுதாரி இரண்டும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை.

அடுத்தது கருந்தோள் பருந்து. வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, சிவந்த கண். ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று கீழே பார்க்கும். பருந்து என்றாலே கோழிக்குஞ்சைத் தூக்கும் என்று இதையும் அடிக்கிறார்கள். இது நின்று பார்ப்பது உங்கள் வயல் எலியையும் வெட்டுக்கிளியையும். குஞ்சைத் தூக்குபவை பெரும்பாலும் கரும்பருந்தும் வைரியும்தான். அதற்குத் தீர்வு கல் இல்லை. குஞ்சுகளை வலை மூடிய கூண்டில் வளர்த்தால் போதும்.

கூகையின் கதை இன்னும் பரிதாபம். இதய வடிவ வெள்ளை முகமும் இரவில் அலறும் குரலும் அதைப் ‘பேய்’ ஆக்கிவிட்டன. ஒரு கூகை ஓர் இரவில் இரண்டு, மூன்று எலிகளைப் பிடிக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் அதிகம். ஆந்தை அமர்வதற்காக ஏக்கருக்கு 20 வரை ‘டி’ வடிவக் குச்சி நடச் சொல்கிறோம். தந்தை குச்சி நடுகிறார், மகன் அதே குச்சியைக் குறிபார்க்கிறான் என்றால் நட்டதில் என்ன பலன்?

பாம்பில் தவறினால் உயிர் போகும்

பறவையைத் தவறாக அடையாளம் கண்டால் பறவை சாகிறது. பாம்பில் அதே தவறு நேர்ந்தால் பிள்ளையின் உயிர் போகலாம்.

நம் ஊரில் மனித உயிரைப் பறிக்கும் பாம்புக்கடிகளில் பெரும்பகுதி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கால்தான். சாரையை நல்லபாம்பு என்று அடித்துக் கொல்வது அன்றாடம் நடக்கிறது. சாரை விஷமற்றது, எலியைத் தேடி வளைக்குள்ளேயே போகும். அதைக் கொன்றவர் அந்த வரப்பின் எலிகளுக்குத்தான் உதவி செய்தார்.

இதைவிட ஆபத்தானது எதிர்த்திசைத் தவறு. வெள்ளிக்கோல் வரையன் விஷமற்றது. அதன் வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் தலையருகே பொதுவாக இருக்காது. சற்றுத் தள்ளித் தொடங்கி, மெல்லியதாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக வால்வரை போகும். இரண்டும் இரவில் திரிபவை. அதேபோல் கண்ணாடி விரியனின் உடலில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை வட்டங்கள் இருக்கும். மண்ணுளியில் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், வால் குட்டையாக இருக்கும். ‘மண்ணுளிதானே’ என்று வால் பிடித்துத் தூக்கிய பாம்பு விரியனாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அடையாளங்களை எழுதுவது பாம்பைக் கையால் எடுப்பதற்காக இல்லை. பகல் வெளிச்சத்தில், படத்தைப் பார்த்து, அமைதியாக இருக்கும்போது சொல்லக்கூடிய வேறுபாடுகள் இவை. டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற பாம்பில், பதினான்கு வயதுப் பையனால் பட்டையை எண்ண முடியாது. ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்றே: எந்தப் பாம்பாக இருந்தாலும் விலகி நில், பெரியவரைக் கூப்பிடு. எலி வளைக்குள் கைவிடும் பழக்கத்தையும் அடியோடு நிறுத்துங்கள். எலி வெட்டிய வளையில் நல்லபாம்பு குடியிருப்பது வழக்கம்.

கடித்துவிட்டால் 108-க்கு அழைத்து உடனே அரசு மருத்துவமனை செல்லுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் தேவையில்லை. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது.

சட்டம் எதை வேட்டை என்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, பறவை, ஊர்வனவற்றின் முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். முயன்றாலே குற்றம். மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிர்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. ‘என்ன பறவை என்று தெரியாது’ என்பது அந்த வகையில் சேராது.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தக் குழுமம் பெற்றோரையும் அழைத்து ஆலோசனை தரலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். அதாவது, பிள்ளை விட்ட கல்லுக்குத் தந்தையும் பதில் சொல்ல வேண்டும்.

கற்றுக்கொடுத்தவர்களிடம் இருந்து ஒரு பாடம்

இருளர் சமூகத்துப் பெரியவர்கள் பிள்ளைகளை வரப்பில் கூடவே நடத்திக் கூட்டிப்போய், தடம், வளைவாய், எச்சம், சட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பழக்கினார்கள். அந்த அறிவுதான் 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம். அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் பயன்படுகிறது.

நம் பிள்ளைகளிடம் கருவி இருக்கிறது, அறிவைக் கொடுக்க ஆள் இல்லை. இருட்டில் அசைவது எது என்று உறுதிப்படுத்தாமல் குறிவைக்கப் பழகிய கை, வயது ஏறும்போது நாட்டுத் துப்பாக்கியையும் அவுட்டுக்காயையும் தொடுகிறது. காட்டுப்பன்றி என்று நினைத்து மனிதரையே சுட்டுவிட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

மயிலும் பன்றியும் பயிரை அழிக்கும்போது உங்களுக்கு வரும் கோபம் நியாயமானதுதான். அந்தக் கோபத்தில் ‘அடிடா அதை’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர், வனச்சரக அலுவலகம் வழியாக இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். பன்றியைச் சுடும் முடிவை வனத்துறைதான் எடுக்க முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வாரம் ஒருநாள் காலையில் பிள்ளையோடு வரப்பைச் சுற்றி வாருங்கள். ஐந்து பறவைகளுக்கு உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அது என்ன தின்கிறது என்று காட்டுங்கள்.

• உண்டிவில்லைப் பிடுங்கி எறிந்தால் வேறு செய்துகொள்வான். தகர டப்பாவை வைத்துக் குறிபார்க்கச் சொல்லுங்கள். உயிர் மேல் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• ஏர்கன்னைப் பூட்டி வையுங்கள். இரவு வேட்டைக்குப் போகும் கூட்டத்தோடு அனுப்பாதீர்கள்.

• அடித்துக் கொண்டுவந்ததைச் சமைக்காதீர்கள். அம்மா குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டால், அப்பா சொல்லும் புத்தி எதுவும் ஏறாது.

• வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உழவர் வயல்வெளிப் பள்ளியில் நன்மை செய்யும் பூச்சிகளைக் காட்டும் நாளில், விவசாயிகளின் பிள்ளைகளையும் வரச்சொல்லுங்கள். பொறிவண்டோடு கூகை, சாரை, கரிச்சான், பனங்காடை படங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். எலிக்கு மருந்து வைக்கும் செலவில் ஒரு பகுதியை அந்த ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தும்.