ஒன்றரை மணி நேரமா, ஆறரை மணி நேரமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

என் தந்தையார் சிங்கப்பூரில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் அதிகாலை 2 மணிக்கு எங்கள் பாட்டி காலமானார்கள். அப்பா சென்னையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது நண்பகல். வந்திருந்த அத்தைப் பாட்டி எல்லோர் முன்னிலையிலும், "ஒன்றரை மணி நேரப் பயணம்தானே! பெற்ற தாயைப் பார்க்க வர இத்தனை நேரமா?" என்று கேட்டுவிட்டார்கள். அப்பா பதிலே கூறவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அத்தைப் பாட்டி பொய் சொல்லவில்லை. அப்பாவின் பழைய பயணச்சீட்டில், சிங்கப்பூரில் புறப்பாடு இரவு 8.00, சென்னையில் வருகை இரவு 9.30 என்று இருந்ததைக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே சீட்டில் போகும் பயணத்தையும் பாருங்கள்: சென்னையில் புறப்பாடு இரவு 11.30, சிங்கப்பூரில் வருகை காலை 6.00. இது ஆறரை மணி நேரம்! கடல் ஒன்றே, தூரமும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

சீட்டில் ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊர்க் கடிகார நேரத்தையே அச்சிடுகிறார்கள். கிரீன்விச் நேரத்தைவிட நம் கடிகாரம் 5½ மணி முந்தியது. சிங்கப்பூர்க் கடிகாரம் 8 மணி முந்தியது. ஆகவே, அங்கே இரவு 8.00 என்றால் இங்கே மாலை 5.30தான். 5.30க்கும் 9.30க்கும் இடையே நான்கு மணி நேரம். போகும்போதும் அதே நான்குதான். இதற்கு ஒரு சுலப வழி உண்டு. போகும் கணக்கு ஆறரையையும் வரும் கணக்கு ஒன்றரையையும் கூட்டினால் எட்டு, பாதியாக்கினால் நான்கு. ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைந்துவிடும்.

வங்கக் கடலுக்கு மேலாக நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றேகால் மணி நேரம் போதுமே என்பீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்துக்கு அந்த வேகம் இராது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் சேரும்.

இன்னொரு வேடிக்கை. தீர்க்கரேகைப்படி இரு ஊர்களுக்கும் 24 பாகை இடைவெளி. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் காட்டும் வேறுபாடு 96 நிமிடமே! 1981 முடியும் வரை கடிகார வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது. மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரம் வேண்டி, 1982 ஜனவரி 1 முதல் மேற்குப் பகுதிக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் உடன் தள்ளியது. அங்கே ஆண்டு முழுவதும் காலை 7 மணி வாக்கில்தான் பொழுது விடியும். அப்பா இருட்டிலேயே எழுந்து வேலைக்குக் கிளம்புகிறார்.

இனி அன்றைய கணக்கு. நாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது அங்கே 4.30. கிடைத்த முதல் விமானம் அங்கே 8.30க்கு, அதாவது நம் நேரம் 6.00. இறங்கியது காலை 10.00. குடியுரிமைச் சோதனை, பெட்டி, சாலை நெரிசல் எல்லாம் தாண்டி நண்பகல். இதற்கு முன்னால் அவரால் வந்திருக்கவே முடியாது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அத்தைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்கள். "உன் தாத்தா 'ரஜுலா' கப்பலில் போனபோது ஒரு வாரம் ஆகும். அப்போது யாரும் யாரையும் கேட்டதில்லை" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "அந்தத் தாளை இங்கேயே வைத்துவிட்டுப் போ. அடுத்த முறை உன் அப்பா வந்தால் நானே அவனிடம் பேசிக்கொள்கிறேன்" என்றார்கள்.